கட்டிங் பிளேயரைக் கீழே வையுங்கள்
பேண்டு செட்களில் டிரம்பெட் வாசிக்கும் தோழர்களுக்கும் மாஸ்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே, மாஸ்டர்களே,

கல்யாண ஊர்வலத்திலும், தேர்ப்பவனியிலும், பள்ளி ஆண்டு விழாவிலும், துக்க வீட்டு வாசலிலும் டிரம்பெட் பிடித்து நிற்கிறவர்கள் நீங்கள். நான் பித்தளை வாத்தியங்களைப் பழுது பார்க்கிறவன். என் மேசைக்கு வரும் டிரம்பெட்களில் வாசித்து வாசித்தே தேய்ந்து போனவை குறைவு. முறுக்கி இழுத்தவை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவை, பிளேயரால் கடித்தவை, பசை பூசி மூடியவை ஆகியவைதான் அதிகம். முதலில் இருந்த கோளாறு சின்னது. அவசரத்தில் அதைச் சரிசெய்யப் போன கை அதைப் பெரிதாக்கிவிட்டது. இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. அந்த வாத்தியம் ஒரு குடும்பத்தின் சாப்பாடு என்பது எனக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. வாத்தியத்தில் எங்கோ காற்று கசிகிறது. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை. "உனக்கு மூச்சு பத்தலடா" என்று எல்லார் முன்னாலும் திட்டு விழுகிறது. அவன் மவுத்பீஸை இன்னும் அழுத்திப் பிடிக்கிறான். உதடு வீங்குகிறது. கொஞ்ச நாளில் டிரம்பெட்டை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறான். ஒரு கார்க் துண்டு தேய்ந்ததற்காக ஒரு கலைஞனை இழந்துவிடுகிறோம். மாஸ்டர்களே, பையனைத் திட்டுவதற்கு முன் அவன் வாத்தியத்தை வாங்கி நீங்கள் ஒரு முறை ஊதிப் பாருங்கள். உங்கள் மவுத்பீஸைப் போட்டே ஊதுங்கள். உங்களுக்கும் அது மக்கர் செய்தால் பிறகு பையனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, வாத்தியத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கே பார்ப்பது? இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், காது போதும். சாதாரண பி ஃபிளாட் டிரம்பெட் என்பது சுருட்டி வைத்த ஒரே குழாய். நீட்டி வைத்தால் சுமார் 1.48 மீட்டர் வரும். வால்வை அழுத்தும்போது காற்று கூடுதலாக ஒரு குழாயைச் சுற்றிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். முதல் வால்வு இரண்டு அரைச்சுரம் இறக்கும், இரண்டாவது ஒரு அரைச்சுரம், மூன்றாவது மூன்று. ஆகவே கோளாறு எந்த விரலோடு வருகிறது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். எந்த வால்வையும் தொடாமல் கீழ் சி, ஜி, அடுத்த சி மூன்றையும் ஊதுங்கள். அவையே மந்தமாக, காற்றடித்த மாதிரி வந்தால் கோளாறு எல்லா ஸ்வரத்துக்கும் பொதுவான பாதையில் இருக்கிறது: மவுத்பீஸ், அது நுழையும் லீட் பைப், ட்யூனிங் ஸ்லைடு, அதன் அடியில் எச்சில் இறக்கும் வாட்டர் கீ. அந்த மூன்று ஸ்வரங்களும் நன்றாக வந்து, முதல் வால்வு சேரும் ஸ்வரங்கள் மட்டும் சொதப்பினால் முதல் வால்வையும் அதன் ஸ்லைடையும் பாருங்கள். மூன்றாவது வால்வுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 'ஏ' ஸ்வரத்தை வழக்கம்போல ஒன்றும் இரண்டும் அழுத்தி ஊதுங்கள். பிறகு மூன்றை மட்டும் அழுத்தி அதே ஸ்வரத்தை ஊதுங்கள். சுருதி சற்றே இறங்கி ஒலிக்கும், அது இயல்பு. நாதமே மாறி, புஸ்ஸென்று வந்தால் மூன்றாவது ஸ்லைடில் உள்ள சின்ன வாட்டர் கீயைச் சந்தேகப்படுங்கள். அங்கே கசிந்தால் மூன்றாவது வால்வு சேராத ஸ்வரங்களில் எதுவுமே தெரியாது. அதனால்தான் பல வருஷம் யாரும் கவனிக்காமல் கிடக்கிறது.

காற்றே போகாமல், சுவரில் ஊதுகிற மாதிரி அடைத்துக்கொண்டால் பயப்படாதீர்கள். பத்துக்கு ஒன்பது முறை எண்ணெய் போட்டபின் பிஸ்டன் திரும்பி நிற்கிறது, அல்லது இரண்டு பிஸ்டன்கள் இடம் மாறிவிட்டன. ஒவ்வொரு பிஸ்டனிலும் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். மவுத்பீஸுக்குப் பக்கத்தில் இருப்பது ஒன்று. அந்த எண்ணுள்ள பிஸ்டனை அதற்குரிய உறைக்குள் இறக்கி, மெல்லத் திருப்பினால் பிஸ்டனில் உள்ள கைடு தன் பள்ளத்தில் விழும்போது 'க்ளிக்' என்று விரலுக்குத் தெரியும். அதன்பிறகு அது திரும்பாது. திரும்பினால் கைடு தேய்ந்துவிட்டது. வாசிக்கும்போது நடுவில் திடீரென்று ஸ்வரம் காணாமல் போகும் மர்மத்துக்கு இந்தத் தேய்ந்த கைடுதான் பெரும்பாலும் காரணம். புதிய கைடு போட வேண்டும், அது ஒரு சின்னத் துண்டு. ஆனால் அந்த வாத்தியத்தின் மாடலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

இனி எல்லாருக்கும் தலைவலியான விஷயம்: வால்வு ஒட்டுகிறது, மேலே வர மாட்டேன் என்கிறது.

பிஸ்டனுக்கும் உறைக்கும் இடையில் உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. தொழிற்சாலையில் ஒவ்வொரு பிஸ்டனையும் அதனதன் உறைக்கு என்று தேய்த்துப் பொருத்துகிறார்கள். மீரட்டின் ஜலி கோட்டியில் செய்து வந்த வாத்தியமானாலும் சரி, ஜப்பானிலிருந்து வந்ததானாலும் சரி, இந்த விஷயத்தில் வேறுபாடு இல்லை. ஆகவே இன்னொரு டிரம்பெட்டின் பிஸ்டனை இதில் போட்டுச் சமாளிக்க முடியாது. அதே காரணத்தால், உப்புத்தாளோ எமரியோ பாத்திரம் தேய்க்கும் பொடியோ பித்தளை பாலிஷோ பிஸ்டன் மேல் பட்டால் அந்த இடைவெளி கூடிவிடும். தேய்த்த அன்று வழுக்கிக்கொண்டு ஓடும். "பாருங்க, சரி பண்ணிட்டேன்" என்று தோன்றும். பிறகு காற்று பக்கவாட்டில் கசியும், மேல் ஸ்தாயி போகும். போன உலோகத்தைத் திரும்ப வைக்க வேண்டுமானால் பிஸ்டனுக்கு மறுபடி முலாம் ஏற்றி மறுபடி தேய்த்துப் பொருத்த வேண்டும். அந்தச் செலவில் இன்னொரு பழைய டிரம்பெட்டே வாங்கிவிடலாம்.

அதனால் வால்வு ஒட்டினால் இப்படிப் போங்கள். முதலில் கையைப் பாருங்கள். விரலைத் தட்டையாக வைத்துப் பட்டனைச் சாய்த்து அழுத்துகிறவர்களுக்கு நல்ல வால்வும் ஒட்டும். விரல் நுனியால் நேர் கீழாக அழுத்துங்கள். இடது கை வால்வு உறைகளை நெரிக்கிற மாதிரிப் பிடித்தாலும் மெல்லிய உறை சற்று வளைந்து பிஸ்டனைப் பிடிக்கும். அது இல்லையென்றால் மேல்மூடியைத் திறந்து பிஸ்டனை வெளியே எடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். நூல் உதிராத சுத்தமான பழைய வேட்டித் துணியால் பிஸ்டனைத் துடையுங்கள். அதே துணியை ஒரு மெல்லிய குச்சியில் சுற்றி உறையின் உட்புறத்தையும் துடையுங்கள். குச்சி நுனி உலோகத்தில் படக் கூடாது. துணியில் கறுப்பாக, பச்சையாக வருவதெல்லாம்தான் உங்கள் வால்வைப் பிடித்து வைத்திருந்தது. புதிய எண்ணெய் மூன்று நான்கு சொட்டு விட்டு, க்ளிக் வரும் வரை திருப்பி, மூடுங்கள். ஒட்டும் வால்வுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே சரியாகிவிடும்.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். அது சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி விடிகாலையில் வாசிக்கப் போகிறவருக்குக் கெடுதலுக்கு இதுவே போதும். உறையாத நாளிலும் நாள்பட நாள்பட காற்றுப் பட்டுப் பிசுக்காகி வால்வைப் பிடிக்கும். எந்தச் சமையல் எண்ணெயும் அப்படித்தான். மண்ணெண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும். ஊர்வலம் பாதி போவதற்குள் பிஸ்டன் காய்ந்துவிடும். அதன் ஆவியை நீங்கள்தான் மூச்சில் இழுக்கிறீர்கள். வால்வு எண்ணெய் என்றே தனியாக விற்கிறது, ஒரு சின்ன பாட்டில் பல மாதம் வரும். பழைய, தேய்ந்த வால்வுக்குக் கொஞ்சம் கெட்டியான வகையைக் கேட்டு வாங்குங்கள். அது இடைவெளியை நிரப்பி, போன பலத்தில் கொஞ்சம் திரும்பத் தரும். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பழையதை முழுக்கக் கழுவிவிட்டு மாறுங்கள். அடிமூடியின் சின்ன ஓட்டை வழியாக எண்ணெய் விடும் பழக்கமும் வேண்டாம். அந்த எண்ணெய் பிஸ்டனின் பக்கவாட்டுக்குப் போய்ச் சேராது, அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் நனைக்கும்.

துடைத்து எண்ணெய் போட்டும் ஒட்டுகிறதா? அப்போது ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, பிஸ்டனை அதன் உறைக்குள் மெல்ல இறக்குங்கள். அழுத்தக் கூடாது, அதன் எடையிலேயே இறங்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிப் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் பிடித்தால் உறையோ பிஸ்டனோ நசுங்கியிருக்கிறது. அடிமூடியைத் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியதும் பிஸ்டன் விடுபட்டால் மூடியை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள் அல்லது மூடி கோணியிருக்கிறது. இரண்டாவது வால்வு ஒட்டினால் அதன் சின்ன ஸ்லைடை வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள். எடுத்ததும் ஓடினால் ஸ்லைடு வளைந்து உறையை நெருக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது வால்வுதான் அதிகம் அடிபடுகிறது. அதன் ஸ்லைடு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால், அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி வாத்தியத்தை வைத்தாலோ விழுந்தாலோ முழு அடியும் உறையில் இறங்கும். நாற்காலியிலோ மேடையிலோ வைக்க நேர்ந்தால் இரண்டாவது ஸ்லைடு மேலே பார்க்கும்படி வையுங்கள். பெட்டிக்குள் மவுத்பீஸை அதற்குரிய குழியில் வையுங்கள். வேனில் போகும்போது பெட்டிக்குள் உருளும் மவுத்பீஸ் செய்த நசுங்கல்களை நிறையவே எடுத்திருக்கிறேன். நசுங்கிய உறையை நீங்கள் தொடாதீர்கள். அது பழுது பார்ப்பவர் வேலை, அதிலும் அனுபவமுள்ளவர் வேலை.

பிஸ்டன் இறங்குகிறது, ஆனால் மெதுவாக ஏறுகிறது, கூடவே கரகரவென்று சத்தம் வருகிறது என்றால் ஸ்பிரிங் கோணி உறையில் உரசுகிறது. ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுவது நம் ஊரில் பழைய வழக்கம். நீட்டிய ஸ்பிரிங் நேராக நிற்காது, இன்னும் உரசும். மூன்றையும் சேர்த்துப் புதிதாகப் போடுங்கள், இல்லையென்றால் விரலுக்கு விரல் கனம் மாறும்.

வால்வில் உள்ள ஃபெல்ட்டும் கார்க்கும் சத்தத்தைக் குறைப்பதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பிஸ்டன் எவ்வளவு இறங்கி எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவைதான் தீர்மானிக்கின்றன. பிஸ்டனில் உள்ள துளையும் உறையில் உள்ள துளையும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஃபெல்ட் தேய்ந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றாலே காற்று ஒரு படியில் முட்டிக்கொண்டு போகும். நாதம் அடைத்தாற்போல் வரும், ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குத் தாவுவது கஷ்டமாகும். இதை நீங்களே பார்க்கலாம். இரண்டாவது ஸ்லைடை எடுத்துவிட்டு, அந்த வால்வை முழுக்க அழுத்திப் பிடித்து, துளைக்குள் டார்ச் அடியுங்கள். வட்டம் முழுசாகத் தெரிந்தால் சரி. மேலேயோ கீழேயோ பிஸ்டனின் விளிம்பு எட்டிப் பார்த்தால் ஃபெல்ட்டை மாற்ற வேண்டும். ஃபெல்ட் இல்லையென்று பேண்ட் துணியை வெட்டிப் போட்டிருப்பதையும், இரண்டு ஃபெல்ட்டை அடுக்கியிருப்பதையும் பார்க்கிறேன். அவசரத்துக்கு ஒரு நிகழ்ச்சி ஓட்டலாம். அப்படியே வருஷக்கணக்கில் விட்டுவிட்டு வாத்தியத்தைக் குறை சொல்லக் கூடாது. தடிமன் முக்கியம். மூன்று வால்விலும் ஒரே தடிமன் இருக்க வேண்டும்.

கசிவுக்கு வருகிறேன். நான் மேலே சொன்ன பையனின் கதை பெரும்பாலும் இங்கேதான் முடிகிறது. வாட்டர் கீயின் கார்க் காய்ந்து, வெடித்து, நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்து நிற்கும். ட்யூனிங் ஸ்லைடை முழுக்க வெளியே உருவி, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, வாட்டர் கீ இருக்கும் வளைவைத் தண்ணீர் வாளிக்குள் பிடித்து, மறுமுனையில் மெல்ல ஊதுங்கள். குமிழி வரும் இடம் கசியும் இடம். கார்க்கை நீங்களே மாற்றலாம்: பழையதைச் சுரண்டி எடுத்து, பசையையும் சுத்தமாக எடுத்துவிட்டு, அதே அளவில் வெட்டிய புதிய கார்க்கை ஒட்டுங்கள். துளையின் விளிம்பு முழுவதும் சமமாகப் பதிய வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் பயனில்லை. ஊர்வலத்துக்கு நடுவில் கார்க் விழுந்துவிட்டால் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வெட்டி வைத்து, ரப்பர் பேண்டால் கீயைச் சுற்றிக் கட்டி அன்றைய பொழுதை ஓட்டலாம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் அதே ரப்பர் பேண்டு உதவும்.

வால்வு காற்றைப் பிடிக்கிறதா என்று பார்க்க இன்னொரு வழி. பிஸ்டன்களுக்கு எண்ணெய் போட்டபின் எந்த வால்வையும் அழுத்தாமல் இரண்டாவது ஸ்லைடை வெடுக்கென்று உருவுங்கள். 'பொப்' என்று சத்தம் வந்தால் வால்வும் ஸ்லைடும் நன்றாகப் பிடிக்கின்றன. சத்தமே இல்லாமல் கழன்று வந்தால் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. ஸ்லைடுக்குக் கெட்டி கிரீஸ் தடவி மறுபடி பாருங்கள். அப்போதும் சத்தம் வராவிட்டால் சந்தேகம் பிஸ்டன் மேல் போகிறது. இது சோதனைக்கு மட்டும். தினமும் ஸ்லைடை நகர்த்தும்போது அதற்குரிய வால்வை அழுத்திக்கொண்டுதான் நகர்த்த வேண்டும்.

சிக்கிக்கொண்ட மவுத்பீஸ். இந்த மடலுக்குத் தலைப்பு தந்ததே இதுதான். மவுத்பீஸின் அடித்தண்டு மெல்லக் கூம்பியது, அது நுழையும் வாயும் கூம்பியது. 'டொப்' சத்தத்துக்காக உள்ளங்கையால் அதைத் தட்டுகிறோம், அல்லது கீழே விழுந்து தண்டின் நுனி வட்டம் கெட்டிருக்கிறது. இறுகிவிடுகிறது. உடனே ஒருவர் மவுத்பீஸைப் பிளேயரால் பிடிக்க, இன்னொருவர் பெல்லைப் பிடித்து முறுக்குகிறார். மவுத்பீஸ் வராது. லீட் பைப்பையும் மற்றக் குழாயையும் இணைக்கும் தாங்கிகள் ஈயப்பற்றில் நிற்பவை, அவை விட்டுவிடும். மெல்லிய லீட் பைப் முறுக்கிக்கொள்ளும். இலவசமாகவோ பத்து நிமிஷத்திலோ எடுத்துத் தரக்கூடிய ஒன்று, வாத்தியத்தின் உயிர்க்குழாயை மாற்றும் வேலையாக முடியும்.

வீட்டில் டம்ளருக்குள் டம்ளர் சிக்கினால் என்ன செய்வார்கள்? உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வெளியே வெந்நீரில் வைப்பார்கள். இங்கும் அதேதான். மவுத்பீஸின் குழியில் ஐஸ் துண்டு போட்டு, அது நுழைந்திருக்கும் வாயைச் சுற்றி மட்டும் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள். கொஞ்ச நேரம் கழித்து வெறும் கையால், துணி வைத்துப் பிடித்து, திருப்புங்கள். லீட் பைப்பைத்தான் மறு கையால் பிடிக்க வேண்டும், பெல்லைப் பிடிக்கக் கூடாது. வராவிட்டால் இணைப்பில் துரு இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு இரவு விடுங்கள். அப்போதும் வராவிட்டால் பழுது பார்ப்பவரிடம் வாருங்கள். மவுத்பீஸ் இழுப்பான் என்று ஒரு கருவி இருக்கிறது. இரண்டு திருகுகளைச் சமமாக முடுக்கினால் நேர்கோட்டில் இழுத்துவிடும், முறுக்கு விழாது. ஒரு பேண்டு செட்டுக்கு ஒன்று வாங்கி மாஸ்டர் கையில் வைத்துக்கொண்டால் எல்லாருடைய மவுத்பீஸுக்கும் ஆயுசுக்கும் வரும். ஒருமுறை சிக்கிய மவுத்பீஸ் மறுபடி சிக்கும். தண்டின் நுனியை வட்டமாக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்லைடு சிக்கினாலும் இதே பொறுமைதான். இணைப்பில் எண்ணெய், ஒரு இரவு, பிறகு ஸ்லைடின் வளைவுக்குள் ஒரு கெட்டித் துணியை நுழைத்து இரு முனையையும் சேர்த்துப் பிடித்து நேர்கோட்டில் வெடுக்கென்று இழுப்பது. அந்த ஸ்லைடுக்குரிய வால்வை அழுத்திக்கொண்டே இழுங்கள். கோணி இழுத்தால் இரண்டு கால்களும் இணையாக இருக்காது, பிறகு எந்நாளும் உரசும். மூன்றாவது ஸ்லைடு சிக்கியபடியே பல வருஷம் வாசிக்கிறவர்களை எனக்குத் தெரியும். கீழ் டி-யும் சி ஷார்ப்பும் இயல்பாகவே சுருதி ஏறி நிற்கும், ஸ்லைடை வெளியே தள்ளித்தான் அவற்றை இறக்க முடியும். அது அசையாவிட்டால் பாட்டு முழுவதும் அந்த இரண்டும் அபஸ்வரமாகவே வரும். கேட்கிறவர்கள் வாசிப்பைத்தான் குறை சொல்வார்கள்.

ஜிர்ரென்று அதிரும் சத்தம் வந்தால் ஒருவர் ஊத, இன்னொருவர் வாத்தியத்தின் ஒவ்வொரு பாகத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே வரட்டும். தொட்டதும் நிற்கிற இடம்தான் இடம். பட்டன் தளர்ந்திருக்கும், வாட்டர் கீயின் திருகு, விரல் வளையத்தின் திருகு, அல்லது பற்று விட்ட தாங்கி. பற்று விட்டிருந்தால் தயவுசெய்து பசை பூசாதீர்கள். நூலால் கட்டி டேப் ஒட்டி வாசியுங்கள். பசை பூசிய இடத்தில் ஈயம் பிடிக்காது. அதை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகுதான் நான் வேலையைத் தொடங்க முடியும். தெருமுனை வெல்டிங் கடைக்கும் கொண்டு போகாதீர்கள். அந்த நெருப்பு பக்கத்திலுள்ள பற்றுகளையும் இளக்கி, லாக்கரையும் கருக்கிவிடும். பெல்லில் விழும் நசுங்கலைப் பற்றி நீங்கள் படுகிற கவலையில் பாதி கூடத் தேவையில்லை. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஒலியில் அவ்வளவு தெரியாது. லீட் பைப்பில் விழும் சின்ன நசுங்கல்தான் நாதத்தைக் கெடுக்கும். காசு குறைவாக இருந்தால் அதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

லீட் பைப்பில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தென்பட்டால் கவனியுங்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உள்ளே தேங்கும் எச்சில் துத்தநாகத்தை அரித்துக் கொண்டுபோய், வெறும் செம்பை விட்டுவைக்கிறது. அந்தப் புள்ளி வெளியே தெரியும்போது உள்ளே ஏற்கனவே மெலிந்துவிட்டது என்று பொருள். துணியால் தேய்த்தால் போகாது. முற்றினால் குழாயையே மாற்ற வேண்டும். வராமல் தடுக்க முடியும். வாசித்து முடித்ததும் தண்ணீரை முழுக்க இறக்கி, ஒரு முறை காற்று ஊதி வெளியேற்றிவிட்டு, பிறகு பெட்டியில் வையுங்கள். டீ குடித்து, கல்யாண வீட்டு ஸ்வீட் சாப்பிட்ட வாயோடு ஊதினால் சர்க்கரை அப்படியே லீட் பைப்பில்தான் போய் ஒட்டும். ஒரு வாய் தண்ணீர் கொப்பளிக்க ஒரு நிமிஷம் ஆகாது. மாதம் ஒரு முறை வாத்தியத்தைக் குளிப்பாட்டுங்கள்: பிஸ்டன்களையும் ஸ்லைடுகளையும் எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கொஞ்சம் விட்டு, வளையும் பிரஷை லீட் பைப்பிலும் ஸ்லைடுகளிலும் விட்டு எடுங்கள். கொதிக்கும் தண்ணீர் கூடாது, லாக்கர் உரிந்துவிடும். ஃபெல்ட் நனையக் கூடாது. புளி போட்டு விளக்குவது குத்துவிளக்குக்கு நல்லது. இங்கே புளியின் புளிப்பு இணைப்புகளுக்குள் தங்கிக் களிம்பு ஏற்றும்.

மாஸ்டர்களிடம் ஒரு வேண்டுகோள். வேளாங்கண்ணிக் கொடியேற்றம் ஆகஸ்ட் 29, திருவிழா செப்டம்பர் 8 வரை. கல்யாண மாதங்களும் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். சீசனுக்கு முந்தின நாள் இரவு எட்டு வாத்தியங்களைக் கொண்டுவந்து "காலையில வேணும்" என்று கேட்டால் எந்தப் பழுது பார்ப்பவரும் ஒட்டுப்போட்டுத்தான் தர முடியும். ஆடி மாதம் கல்யாணம் குறைவு, அப்போது கொண்டு வாருங்கள். வருமானத்தில் ஒரு சிறு பங்கை எண்ணெய், கிரீஸ், கார்க், ஃபெல்ட், ஸ்பிரிங் செட் என்று ஒதுக்கிப் பொதுப் பெட்டி ஒன்றில் வையுங்கள். அந்தச் செலவைப் பையன்களின் கூலியில் பிடிக்காதீர்கள்.

பழுதுக்குக் கொண்டு வரும்போது எந்த ஸ்வரத்தில், எந்த வால்வில், வாசிக்கத் தொடங்கியதுமா அல்லது கொஞ்ச நேரம் கழித்தா கோளாறு வருகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். வாசிப்பவரே வந்தால் இன்னும் நல்லது. உங்கள் மவுத்பீஸையும் கொண்டு வாருங்கள். பிஸ்டன்களை அதனதன் உறையிலேயே போட்டு, மூடியை மூடிக் கொண்டு வாருங்கள். கழன்று விழுந்த துண்டு எவ்வளவு சின்னதானாலும், வாட்டர் கீயின் திருகானாலும், தேய்ந்த ஃபெல்ட்டானாலும், தூக்கிப் போடாதீர்கள். அளவு பார்க்க எனக்கு அதுதான் வேண்டும். ஒரு காகிதத்தில் மடித்து, பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியங்களைப் பழுது பார்ப்பவன்